உள்ளேன் அம்மா

தொற்றுக்குப் பயந்து ஊரெல்லாம் கதவடைத்துக் கிடந்த காலம் ஒருவழியாக ஓய்ந்து, கரிசல்காட்டுக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கும் அந்தப் பல்கலைக்கழகத்தை மறுபடி திறக்கலாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, ஒரேயடியாகத் திறந்துவிடக் கூடாது, கட்டம் கட்டமாகத்தான் திறக்க வேண்டும் என்றும் அதிலேயே போட்டிருந்தது. முதல் கட்டமாக ஆசிரியர்கள் மட்டும் வந்து ஒட்டடை அடித்து உட்காருவது, அடுத்த கட்டமாகப் பாதிப் பிள்ளைகள் வருவது, அதற்கடுத்து மீதிப் பிள்ளைகள் வருவது என்று எல்லாம் ஒழுங்காகத்தான் ஏற்பாடாயிற்று. ஆனால் அந்த ஏற்பாட்டையெல்லாம் தாண்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு முன்னால் பிள்ளைகளின் குரல்கள் வந்துசேர்ந்துவிட்டன.

அதை முதலில் கேட்டவர் புவியியல் துறைப் பேராசிரியர் செண்பகவல்லி. வகுப்பறையிலிருந்தே இணையத்தில் பாடம் நடத்தலாம் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனவருக்கு அங்கே நெட் கிடைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், வருகைப் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு, பழகின வாய் பழகின ராகத்தில் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தது. கூப்பிடக் கூப்பிட, தூசி படிந்த பெஞ்சுகளிலிருந்து "உள்ளேன் அம்மா", "உள்ளேன் அம்மா" என்று ஒவ்வொன்றாகப் பதில் வந்தது, அவரும் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போனார்.

மற்ற துறைகளில் எல்லாம் 'பிரசென்ட் மேம்', 'எஸ் சார்' என்று மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. புவியியல் துறையில் மட்டும், அதைத் தொடங்கிவைத்த முதல் தலைவர் போட்ட சட்டப்படி, எழுந்து நின்று 'உள்ளேன்' என்றுதான் சொல்ல வேண்டும். இதற்காகவே மற்றவர்கள் அதை 'உள்ளேன் டிபார்ட்மெண்ட்' என்று கேலி பேசுவார்கள். செண்பகவல்லிக்கு அந்தச் சட்டத்தில் உயிர். பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, குரலை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார், ஒருவனுக்குப் பதிலாக இன்னொருவன் ப்ராக்சி கொடுத்தால் அங்கேயே பிடித்துவிடுவார். அந்தக் காதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லாமல் என்ன.

பாதிப் பெயர் கூப்பிட்டிருந்தபோது, துடைப்பமும் கையுமாக வாசலில் வந்து நின்ற அலுவலக உதவியாளர் சமுத்திரம், "அம்மா, பிள்ளைகளக் காணும். சத்தம் மட்டும்தான் வருது" என்றார்.

செண்பகவல்லி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பெஞ்சுகளில் ஒருவரும் இல்லை, ஒரு பெஞ்சின்மேல் அணில் கொண்டுவந்து போட்ட தேங்காய் நார் மட்டும் கிடந்தது. இரண்டு வருஷமாக இந்தக் குரல்களை மட்டுமே கேட்டு, முகத்துக்குப் பதிலாகத் திரையில் ஒரு வட்டத்தையும் வட்டத்துக்குள் ஓர் எழுத்தையும் மட்டுமே பார்த்துப் பாடம் நடத்தியிருந்த அவருக்கு, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது.

"ஃபேனப் போடுங்க சமுத்திரம், பிள்ளைகளுக்குப் புழுங்கும்" என்றுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

இப்படித்தான் அந்தப் பல்கலைக்கழகம் குரல்களைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. வாசலில் காய்ச்சல் பார்க்கிற கருவியோடு நின்ற காவலாளி, ஆளில்லாமல் பேச்சு மட்டும் கடந்து போகும்போதெல்லாம் காற்றைக் குறிபார்த்து அமுக்கி, "நார்மல்தான், போங்க போங்க" என்று விட்டார்; கேன்டீன் டீ மாஸ்டர், "அண்ணே, சக்கர கம்மியா ஒண்ணு" என்று கேட்ட குரலுக்கு ஒரு டீ ஆற்றி வைத்து, அது ஆறிப்போன பிறகு தானே எடுத்துக் குடித்துக்கொண்டார்; நூலகத்தில் பேசாதீர்கள் என்ற பலகையைக் கழற்றலாமா, பேச்சைத் தவிர வேறொன்றும் வராதபோது அது நியாயமா என்று ஒரு கமிட்டி போட்டு விவாதித்தார்கள். துறைத் தலைவர் குருபாதம், குரலை வருகையாக எடுத்துக்கொள்ளலாமா என்று முறைப்படி எழுதிக் கேட்க, 'வருகை என்பது உடலும் குரலும் சேர்ந்தது என்று விதியில் எங்கும் காணப்படவில்லை, உடல் வந்துசேரும் வரை குரலுக்கு அரை வருகை வழங்கலாம்' என்று பதிவாளரிடமிருந்து பதில் வந்தது. காரணத்தை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் இதைவிடப் பெரிய விஷயங்களுக்கெல்லாம் காரணம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்கள்.

பிறகு பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் விரலைக் காட்டியும் கையை ஆட்டியும் டிக்கெட் வாங்கி, ஊரிலிருந்து வாய் பேசாமலே வந்த பிள்ளைகள், பல்கலைக்கழக வளைவைத் தாண்டி, அவரவர் வகுப்புக்குள் நுழைந்து, அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்ததுமே, அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த குரல் தொண்டைக்குள் இறங்கிக்கொள்ள, "ஏ, எப்படிடி இருக்க?" என்று பக்கத்திலிருந்தவளைக் கட்டிப்பிடிக்கப் போய், சமூக இடைவெளி ஞாபகம் வந்து, அப்புறம் அதையும் மறந்து கட்டிப்பிடித்தார்கள். இடம் மாறி உட்கார்ந்த ஒரு பையன் மட்டும் சாயங்காலம்வரை இன்னொருத்தன் குரலில் பேசிக்கொண்டு திரிந்தான். அவனைப் பிடித்து உரிய பெஞ்சில் உட்கார வைத்த பிறகு சரியாகிவிட்டது. பாதி முகத்தை முகக்கவசம் மூடியிருந்தாலும் பெஞ்சுகள் நிறைந்தன, அணில் இடத்தைக் காலி செய்தது, துணைவேந்தர் அறைக்கு ஒவ்வொரு துறையும் அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. புவியியல் துறையில் முதுகலை இரண்டாம் ஆண்டு முழு வருகை என்று செண்பகவல்லி எழுதிக் கொடுத்தார். முழு வருகை காட்டியது அந்த ஒரு வகுப்புதான் என்பதால் எல்லார் முன்னாலும் பாராட்டும் கிடைத்தது.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, வின்சி என்ற பெண் மட்டும் மேசைக்குப் பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றாள்.

"என்ன வின்சி?"

"அம்மா, மாரிக்கனி இன்னும் வரலம்மா."

"யாரு, மாரிக்கனியா? இப்பக்கூட உள்ளேன்னு சொன்னாளே."

"அது அவ குரலும்மா. அவ வரல."

செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் ஓர் ஆள் உட்காரும் இடம், யாரும் உட்காராமல், துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. இத்தனை நாளும் அங்கே ஆள் இருப்பதாகவே அவர் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்க தினமும் அவ பேரக் கூப்பிடுறீங்க, ஒண்ணும் கேக்கலயே. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்" என்ற வின்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்ப ஏன் சொல்லுதேன்னா, அது மெலிஞ்சுகிட்டே வருதும்மா. பக்கத்துல ஒக்காந்திருக்கேன்ல, எனக்குத் தெரியுது. வந்த புதுசுல கணீர்னு இருந்துச்சு. இப்ப காதக் கிட்டக் கொண்டுபோனாத்தான் கேக்கு. அப்படியே நின்னு போச்சுன்னா?"

அதை அந்தப் பெண் முடிக்கவில்லை, முடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் இங்கே அணைந்துபோனால் மாரிக்கனி எங்கே இருந்தாலும் இனி அவளுக்குக் குரல் இல்லை.

செண்பகவல்லி போய் ஜன்னலோரம் குனிந்தார். "மாரிக்கனி, நீ எங்கம்மா இருக்க?"

"இங்கதாம்மா இருக்கேன்" என்றது, நூலிழை அளவுக்கு, அந்தக் குரல். "ரெண்டாவது பெஞ்சு. பாடத்தக் கவனிச்சுகிட்டுதாம்மா இருக்கேன்."

அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் அவரால் கண்டுபிடித்துவிட முடியும். அதற்குரிய முகம் வட்டமா நீளமா, கறுப்பா சிவப்பா என்றுதான் தெரியாது; இணையத்திலேயே சேர்ந்த வகுப்பு அது, ஒருதரம் முகத்தைக் காட்டச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றியதில்லை. அவருக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாரிக்கனியின் ஊருக்குப் போனார். சோளக்காட்டு ஓரத்து ஓட்டு வீட்டில், மாரிக்கனியின் அம்மா சண்முகக்கனி, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், பல்கலைக்கழகத்து டீச்சர் என்றதும் பதறிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டாள். உள்ளே கட்டிலில், லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த அவள் புருஷன் படுத்திருந்தான்.

"அவக அப்பா விழுந்த நேரம், காலேஜும் பூட்டிக் கெடந்துச்சு. செல்போன்ல படிச்சுகிட்டே மில்லுக்குப் போறேன்னா டீச்சர். வடக்க, நூல் மில்லு. அங்கயே தங்கல். காதுல வயர மாட்டிகிட்டு மெஷினுக்கு முன்னால நின்னுகிட்டே ஒங்க பாடத்தக் கேட்பாளாம். உள்ளேன் அம்மான்னு சொல்ல மட்டும் வெளியே ஓடியாந்து சொல்லிட்டு ஓடுவேன்னு சொல்லிச் சிரிப்பா. அப்புறம் போனு கீழ விழுந்து வாயி அவிஞ்சு போச்சு, பேசுனா அந்தப் பக்கம் கேக்காது. இங்க பாத்தா காலேஜு இனி தொறக்கவே தொறக்காதுன்னு ஆளாளுக்குச் சொன்னாக. சரி, கெடக்குன்னு அங்கயே இருந்துட்டா."

"இப்ப பேசினாளா?"

சண்முகக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "புதுப் போனு வாங்கிட்டா டீச்சர். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் வருது, மத்த நாளு நாம அடிச்சா எடுக்குறதில்ல. எடுத்தா மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்கு. நாந்தான் தனியாப் பேசிகிட்டே இருப்பேன். எம்மேல என்ன கோவமோ, நாம என்ன தப்புப் பண்ணோமோன்னு ராவெல்லாம் ரோசன."

"கோவமெல்லாம் இல்லம்மா. அவ குரலு எங்க வகுப்புல இருக்கு."

சண்முகக்கனி, காணாமல்போன கோழி பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தவளைப்போல, நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள்.

"அங்கயா போயிருக்கு? அதானே பாத்தேன். கழுத, படிப்புன்னா அம்புட்டு ஆசை அதுக்கு. தினமும் அங்கயே பேசிப் பேசி வழி தெரிஞ்சு வச்சிருக்கும்ல" என்றாள். அப்புறம் உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிலிலிருந்து, "கூட்டிட்டுப் போங்க டீச்சர். நான் கம்ப ஊனி நடக்கத் தொடங்கிட்டேன், கடலக்காட்டுக் காவலுக்குக் கூப்பிட்டிருக்காக. நாங்க பாத்துக்கிடுதோம். பிள்ள வாய் பேசாமப் போனா நாங்க இருந்தென்ன, இல்லாட்டி என்ன" என்று பதில் வந்தது.

மாரிக்கனியின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கத்தான் செண்பகவல்லி வாயெடுத்தார். அதற்குள் சண்முகக்கனி, "நானும் வந்திருவேன், அம்புட்டுத் தூரம் இவரத் தனியா விட்டுட்டு வர முடியாது. ஒங்களுக்கு என்ன, எந்தக் கூட்டத்துல நின்னாலும் எம்பிள்ள மொகம் தெரிஞ்சிருமே. வருசக்கணக்காப் பாத்த மொகம்லா" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். அந்த நம்பிக்கையான முகத்துக்கு முன்னால், எனக்கு உன் மகளை அடையாளம் தெரியாது என்று சொல்ல அந்தப் பேராசிரியருக்கு நாக்கு எழவில்லை. தலையை ஆட்டிவிட்டு, மில்லின் விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மில்லில் போய் இறங்கியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். வாசலில் இருந்தவர், "பேரெல்லாம் சொன்னாத் தெரியாது மேடம், டோக்கன் நம்பர் சொல்லுங்க. ஆபீஸ்ல இன்னைக்கு ஆளில்ல" என்றார். என்ன சொல்லியும் மசியவில்லை. கடைசியில், கெஞ்சுகிற குரலை விட்டுவிட்டு, வகுப்பில் பேசுகிற குரலை எடுத்தார் செண்பகவல்லி. "நான் அவளோட டீச்சர். வழிய விடுங்க." அந்த ஆளும் எப்போதோ ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்தானே, எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் நீள நீள மேசைகளில் எத்தனையோ பெண்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் மேல்சட்டை, ஒரே மாதிரித் தொப்பி, தாடைக்கு இறக்கிவிட்ட முகக்கவசம். புருவத்திலும் இமையிலும் பஞ்சு படிந்து எல்லாருமே ஒரே வயதாகத் தெரிந்தார்கள். பேச்சே இல்லை. நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் கைச்சாடையிலேயே பேசிப் பழகியவர்கள், சாப்பிடும்போதும் உப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று விரலாலேயே கேட்டுக்கொண்டார்கள். இங்கே ஒருத்தியின் குரல் போய்விட்டதை ஒருத்தருமே கவனித்திருக்க மாட்டார்கள் என்பது செண்பகவல்லிக்கு அப்போது புரிந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். எந்த முகமும் மாரிக்கனியாக இருக்கலாம், எந்த முகமும் இல்லாமலும் இருக்கலாம். அவளாக எழுந்து வருவாள் என்று நினைத்திருந்தார். ஆனால் அவளுக்கும்தான் இவர் முகம் முகக்கவசத்துக்குள் எப்படித் தெரியும், திரையில் பார்த்ததோ வரைபடத்தையும் வெள்ளை எழுத்தையும்தானே.

சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது என்று ஒரு மணி அடித்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டு எழ ஆரம்பித்தார்கள். அவருக்கு வேறொன்றும் தெரியவில்லை, தெரிந்த ஒன்றைச் செய்தார். கூடத்தின் நடுவில் நின்று, கண்ணை மூடி, தலையைக் குனிந்துகொண்டு, மனப்பாடமாக இருந்த வருகைப் பதிவேட்டை அதே ராகத்தில் கூப்பிட ஆரம்பித்தார்.

"அபிஷாராணி. அந்தோணிராஜ். இசக்கிதுரை..."

பெண்கள் எழுந்தது எழுந்தபடி நின்று பார்த்தார்கள். பைத்தியமோ என்று ஒருத்தி சாடை காட்டினாள். அவர் நிறுத்தவில்லை, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் உள்ளேனுக்கான இடைவெளியை விட்டு, அந்த இடைவெளியில் ஒன்றும் கேட்காமல், அடுத்த பெயருக்குப் போனார்.

"மாரிக்கனி."

அவருடைய காது, அந்தப் புகழ்பெற்ற காது, எங்கெல்லாமோ தேடிப்பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தது. அப்போதுதான், கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. தலையை நிமிர்த்திக் கண்ணைத் திறந்தார்.

எல்லாரும் நின்றுகொண்டிருந்த அந்தக் கூடத்தில், ஒருத்தி மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றிருந்தாள், வகுப்பில் நிற்பதுபோல. உதடு பிரிந்து, மூடி, மறுபடி பிரிந்தது. சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து வழிந்த நீர் கன்னத்துப் பஞ்சில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. நீள முகம், இடது புருவத்தில் சின்னதாக ஒரு வெட்டுத் தழும்பு, உதடு பிரியும்போது தெரிகிற தெற்றுப்பல். செண்பகவல்லி அந்த முகத்தை ஆசைதீரப் பார்த்தார்.

அதே நேரத்தில், ஆளில்லாத வகுப்பைப் பூட்ட வந்த சமுத்திரம், இரண்டாவது பெஞ்சிலிருந்து யாரோ சத்தமாக 'உள்ளேன் அம்மா' என்று சொன்னதைக் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்.

மறுநாள் காலை வகுப்புக்குள் மாரிக்கனி நுழைந்தபோது, யாரும் சொல்லாமலே எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வின்சி நகர்ந்து வழிவிட்டாள். மாரிக்கனி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குரல் முந்தின நாளே கடைசி மூச்சைச் செலவழித்துக் கூவிவிட்டதோ என்று வின்சிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குருபாதமும் சமுத்திரமும் வாசலில் வந்து நின்றார்கள்.

செண்பகவல்லி பதிவேட்டை விரித்தார். ஆனால் அதைப் பார்க்கவில்லை. ஒரு பெயரைக் கூப்பிட்டு, எழுந்து நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அது உட்காரும்வரை பார்த்து, பிறகுதான் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். இதனால் பாதி வகுப்பு வருகைக்கே போய்விட்டது, அதற்குப் பிறகு எந்த நாளும் போய்க்கொண்டுதான் இருந்தது.

"மாரிக்கனி."

அவள் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது, விடாமல் இருமினாள், வின்சி முதுகைத் தட்டிவிட்டாள். இருமி முடித்தபோது உள்ளங்கையில் ஒரு சிட்டிகைப் பஞ்சு இருந்தது.

"உள்ளேன் அம்மா" என்றாள் மாரிக்கனி. கரகரவென்று, பாதி உடைந்து, அவளுடைய தொண்டையிலிருந்து.

பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். செண்பகவல்லி புள்ளி வைக்கப் பேனாவை எடுத்துவிட்டு, புள்ளி எங்கே வைப்பது என்று தெரியாமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வகுப்புக்குள் செல்போனைக் கண்டால் பிடுங்கி வைத்துக்கொள்கிற அவர், தன்னுடைய கைப்பையைத் திறந்து தன்னுடைய போனை எடுத்து, சண்முகக்கனியின் எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியையும் அமுக்கி, மாரிக்கனியின் கையில் கொடுத்தார்.

தீப்பெட்டி ஆபீஸ் சத்தத்துக்கு நடுவே அந்தப் பக்கம் சண்முகக்கனி போனை எடுத்தாள்.

"எம்மா" என்றாள் மாரிக்கனி. "நாந்தாம்மா பேசுதேன்."

அந்தப் பக்கமிருந்து விம்மி விம்மி மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வகுப்பு முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"எம்மா, ஏதாச்சும் பேசும்மா" என்றாள் அவள்.